சுப்புவின் முழங்காலும் அம்மாவின் கேள்வியும்

எங்கள் லாப்ரடார் சுப்புவுக்கு இப்போது 11 வயது. போன வருடம், 10 முடிந்திருந்த நேரத்தில், வலது பின்னங்காலில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செய்தோம். செய்வதா வேண்டாமா என்று வீட்டில் நடந்த பேச்சையும், அந்தச் சமயத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. வயதான நாய் வைத்திருக்கும் தெரிந்தவர்கள் பலர் இதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் எல்லாம் "வயசாயிடுச்சே, இனிமே எதுக்கு அதைப் போட்டுப் படுத்தணும்" என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வாக்கியத்தில் அன்பு இருக்கிறது, தெரியும். ஆனால் அது போதாது.

முதலில் முழங்கால் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பின்னங்காலில் பின்பக்கமாகக் கூராக மடிந்து தெரிகிறதே, அதைத்தான் பலரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, தொடைச் சதையோடு சேர்ந்து இருக்கிறது. அதனால்தான் வீங்கினாலும் சட்டென்று கண்ணில் படுவதில்லை. சுப்புவிடம் எங்களுக்குத் தெரிந்தது வேறு. தூங்கி எழுந்ததும் நாலைந்து அடிக்கு அந்தக் காலைத் தூக்கியே வைத்திருப்பான். அப்புறம் மெல்ல இறக்குவான், விரல் நுனி மட்டும் தரையில் படும். உட்காரும்போது காலை மடக்கி அடியில் வைத்துக்கொள்ளாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்வான். இந்த உட்காரும் விதத்தைக் கேட்டதுமே டாக்டர் அவனைத் தரையில் படுக்க வைத்து, ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளினார். மேசை இழுப்பறையைத் திறப்பது போல அது முன்னால் வந்தது. என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். நகரக் கூடாத ஒன்று உள்ளே வழுக்கிக்கொண்டு நகர்வது விரலுக்கு நன்றாகத் தெரிந்தது.

முழங்காலுக்குள்ளே இரண்டு ஜவ்வுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகின்றன. முன்பக்கத்து ஜவ்வுதான் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைத்திருக்கிறது. கபடி ஆடுகிறவர்களுக்குக் காலைத் திருப்பும்போது சட்டென்று அறுந்துபோவதும் இதே ஜவ்வுதான். நாய்களில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், இழை இழையாக நைந்து, கடைசியில் ஒருநாள் கட்டிலிலிருந்து இறங்கும்போதோ படியேறும்போதோ விட்டுவிடுகிறது. அதற்கு ஒரு காரணம், நம்முடைய கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பைவிட நாயினுடையது பின்பக்கமாக அதிகம் சரிந்திருக்கிறது. ஏறத்தாழ 25 டிகிரிச் சரிவு. எடை ஏறும் ஒவ்வொரு அடியிலும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கப் பார்க்கும், கீழ்க்கால் எலும்பு முன்னால் தள்ளப்படும். ஜவ்வு இல்லாவிட்டால் அதைத் தடுக்க ஆளில்லை. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு அந்த வழுக்கலில் நசுங்கிக் கிழியவும் வாய்ப்பு உண்டு.

எல்லா நாய்க்கும் ஆபரேஷன் வேண்டுமா என்றால், இல்லை. மதுரையில் சித்தி வீட்டு பொமரேனியனுக்கும் இதே ஜவ்வுதான் போனது. எட்டு கிலோ எடைதான் அது. சில வாரம் ஓட விடாமல் கட்டி வைத்தார்கள், வலிக்கு மருந்து கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1984இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷன் இல்லாமல் விடப்பட்ட நாய்களில் 15 கிலோவும் அதற்குக் குறைவாகவும் இருந்தவற்றில் ஏறத்தாழ 85 சதவீதம் தேறிவிட்டன. அதற்கு மேல் எடை உள்ளவற்றில் ஐந்தில் ஒன்றுதான் தேறியது. மூட்டைச் சுற்றி உடம்பே தழும்புத் திசுவைக் கட்டி இறுக்கிக்கொள்கிறது. எடை குறைவான நாய்க்கு அந்தக் கட்டு போதும், பெரிய நாய்க்குப் போதாது. சுப்பு 38 கிலோ இருந்தான்.

"சித்தி வீட்டுது சும்மாவே சரியாயிடுச்சே" என்று உறவில் யாராவது சொல்லும்போதெல்லாம் இந்த எடைக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2013இல் வந்தது. உடல் பருத்த பெரிய நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டுக்கும் எடை குறைப்பு, உடற்பயிற்சிச் சிகிச்சை, வலி மருந்து எல்லாம் கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஆபரேஷனும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஆபரேஷன் ஆனவற்றில் நான்கில் மூன்று நன்றாக இருந்தன. ஆகாதவற்றிலும் மூன்றில் இரண்டு பரவாயில்லாமல் இருந்தன. சின்ன ஆய்வுதான், 40 நாய்கள். ஆனாலும் ஆபரேஷன் இல்லாவிட்டால் கதை முடிந்தது என்று சொல்கிறவர்களும் மிகைப்படுத்துகிறார்கள் என்பது அதில் தெரிகிறது. அந்தப் பாதையும் முழுநேர வேலைதான். எடையைக் குறைக்க வேண்டும், தினமும் அளவாக நடத்த வேண்டும், மருந்தும் தொடர வேண்டும். "ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம்" என்பது இந்த இரண்டு பாதைகளிலுமே இல்லை.

சரி, வயதுக்கு வருகிறேன். எல்லோருக்கும் முதல் பயம் மயக்க மருந்து. மயக்கத்தில் போனவன் திரும்பி வருவானா? பிரிட்டனில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான நாய்களைக் கணக்கெடுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆரோக்கியமான நாய்களில் மயக்க மருந்து தொடர்பான மரணம் 2,000க்கு ஒன்று. ஏற்கெனவே நோயோடு இருந்தவற்றில் 75க்கு ஒன்று. வயது கூடக்கூட அபாயம் கூடுவது உண்மை. ஆனால் அந்த 2,000க்கும் 75க்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பாருங்கள். உள்ளே ஏதாவது நோய் இருக்கிறதா இல்லையா என்பதுதான் பெரிய விஷயம். வயதான உடம்பில் அப்படி ஏதாவது ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம், அதனால் தேட வேண்டும். எங்கள் டாக்டர் தேதி கொடுக்க அவசரப்படாமல் முதலில் தேடினார். அதற்காக அவருக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் நன்றாகவே இருந்தன. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்தான் இடித்தன. நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது, சுப்புவுக்கு ஒரு லட்சத்துக்கும் கீழே இருந்தது. சென்னையில் நாய் வளர்க்கும் எவருக்கும் அடுத்த வார்த்தை என்னவென்று தெரியும்: உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்ற கிருமி, பழுப்பு உண்ணி கடித்து வருவது. நம் வெக்கையில் வருடம் முழுக்க உண்ணிக்குப் பஞ்சமே இல்லை. பல நாய்களில் இது வெளியே எதையும் காட்டாமல் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். இது தெரியாமல் எலும்பை அறுத்திருந்தால் இரத்தம் நிற்பது கஷ்டமாகியிருக்கும். போதாததற்கு இந்தக் காய்ச்சலே மூட்டுவலியையும் தரக்கூடியது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம். அதுவரை ஆபரேஷன் பேச்சே வேண்டாம் என்றார்.

எக்ஸ்ரேயில் அவர் முதலில் பார்த்தது மூட்டை அல்ல, மூட்டுக்கு மேலும் கீழும் உள்ள எலும்பை. பெரிய இன நாய்களுக்கு வயதான காலத்தில் எலும்புப் புற்று வருவதுண்டு, பின்னங்காலில் முழங்காலை ஒட்டிய இடம் அதற்கு வழக்கமான இடம். நொண்டல் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்படி இருந்துவிட்டால் ஜவ்வைப் பற்றிப் பேசி என்ன பயன்? நல்லவேளையாக எலும்பு சுத்தமாக இருந்தது.

அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்கு முதலில் புரியவே இல்லை. "குரைக்கிற சத்தம் மாறியிருக்காம்மா? கொஞ்சம் கரகரன்னு, தொண்டை கட்டின மாதிரி?" இல்லை என்றோம். வயதான லாப்ரடார்களுக்குத் தொண்டை நரம்பு மெல்லச் செயலிழக்கும் ஒரு நோய் வரும், அதே நோய் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னங்கால்களுக்கும் இறங்கும் என்று விளக்கினார். சுப்புவை நிற்க வைத்து, பின்பாதத்தை ஒவ்வொன்றாகப் புறங்கால் தரையில் படும்படி மடித்து வைத்தார். இரண்டு தடவையும் சுப்பு உடனே பாதத்தைத் திருப்பிச் சரியாக வைத்துக்கொண்டான். நரம்பு தளர்ந்த நாய் அப்படியே மடிந்த பாதத்தில் நின்றுகொண்டிருக்குமாம். "அப்படி நின்னிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றார். மூன்று காலில் நின்று தேறி வர வேண்டிய நாய்க்கு மற்ற மூன்றும் உறுதியாக இருக்க வேண்டும்.

ஆக, மருத்துவ ரீதியாக வழி திறந்துவிட்டது. என் கணவருக்கு அதோடு முடிவு ஆகிவிட்டது. பணம் ஒரு லட்சத்துக்கு மேலே ஆகும் என்று சொன்னார்கள், அதை எங்களால் புரட்ட முடிந்தது. முடியாதவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்க வேண்டும் என்பேன். 1903இல் தொடங்கிய கல்லூரி, அங்கே அறுவைச் சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது. காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு 68 வயதில் இரண்டு முழங்காலும் மாற்றினோம். அவளுடையது செயற்கை மூட்டு, சுப்புவுக்குச் சொன்னது வேறு. ஆனாலும் வீட்டில் முழங்கால் ஆபரேஷன் என்றால் என்னவென்று உடம்பால் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் முதலில் சம்மதிப்பாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு சாயங்காலம் சுப்புவின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"எனக்குப் பண்ணினப்போ எதுக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். ஆறு வாரம் பல்லைக் கடிச்சுக்கோங்கம்மா, அப்புறம் கோயிலுக்கு நீங்களே நடந்து போலாம்னு அந்த பிசியோ பொண்ணு தினமும் சொல்லும். நான் நாளை எண்ணிக்கிட்டுக் கிடந்தேன். இவன்கிட்ட யாருடி போய்ச் சொல்றது?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் படித்திருந்த சதவீதங்கள் எதிலும் இதற்குப் பதில் இல்லை. நாம்தான் முடிவெடுக்கிறோம், வலியை அனுபவிப்பது அவன். தூங்கி எழும்போது கால் திடீரென்று முன்பைவிட மோசமாக இருக்கும். கழுத்தில் கூம்பு மாட்டியிருக்கும். வாசலுக்கு ஓட விட மாட்டார்கள். தன்னை நம்பி வளர்த்தவர்களே கொண்டுபோய் விட்டது இதற்குத்தானா என்று அவன் நினைக்க மாட்டான், நாய்க்கு அப்படி எண்ணம் ஓடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஏன் என்று தெரியாத வலி தெரிந்த வலியைவிடக் கொடியது என்று அம்மா சொன்னது சரிதான் என்று படுகிறது.

பல நாள் யோசித்தபின் எனக்குப் புலப்பட்டது இது. ஆபரேஷன் செய்யாவிட்டாலும் அவனுக்கு வலி எதற்கென்று தெரியப் போவதில்லை. தினமும் காலையில் எழுந்திருக்கும்போது வலிக்கும், அதற்கும் காரணம் தெரியாது. தேற மூன்று மாதம் ஆகும், பொறுத்துக்கொள் என்று ஒருத்தியிடம் சொல்லலாம், அவனிடம் சொல்ல முடியாது. அப்படியானால் அவனுக்காக நாளை எண்ண வேண்டியது நாம்தான். முடிகிற வலி எவ்வளவு காலம், முடிந்த பிறகு மீதி எவ்வளவு காலம் என்று பார்க்க வேண்டும். வயது உண்மையிலேயே கணக்கில் வருவது இங்கேதான்.

லாப்ரடார்களுக்கு அந்த மீதிக் காலத்தைப் பற்றி ஒரு நல்ல தகவல் இருக்கிறது. நாய் உணவு தயாரிக்கும் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து இறுதிவரை கவனித்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. அதிகம் சாப்பிட்டவற்றின் நடு ஆயுள், அதாவது பாதி நாய்கள் தாண்டிய வயது, 11.2 வருடம், ஒல்லியாக வளர்ந்தவை 13 வருடம். மூட்டுத் தேய்வும் ஒல்லிகளுக்குத் தாமதமாகவே வந்தது. பத்தரை வயதில், உள்ளே நோய் எதுவும் இல்லாமல், எடையையும் குறைத்துவிட்டால் சுப்புவுக்கு இரண்டு வருடமாவது எதிர்பார்க்கலாம் என்று டாக்டரும் சொன்னார். மூன்று மாதம் கொடுத்து இரண்டு வருடம். இதற்குச் சரி என்று சொன்னேன். அவனுக்குப் பதின்மூன்றரை ஆகியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டில் அவனைத் தூக்கி இறக்க ஆள் இல்லாமல், மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லாத வீட்டில் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த வீட்டு நிலைமையைக் கணக்கில் சேர்ப்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது உடனே தலையாட்டிவிடவில்லை. "அப்போ அந்த மூணு மாசம் அவனுக்கு எவ்வளவு கம்மியா வலிக்க முடியுமோ அவ்வளவு கம்மியா வலிக்கணும். தனியா ஒரு ரூம்ல போட்டு அடைக்கக் கூடாது" என்றாள். அதுதான் நிபந்தனை. அதற்குப் பிறகு நாங்கள் டாக்டரிடம் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன. எலும்பில் வைக்கும் தட்டு எந்த உலோகம், எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், முதல் மூன்று நாள் வலிக்கு என்ன கொடுப்பீர்கள், ஆபரேஷனுக்கு முன்னாலேயே முதுகில் மரத்துப்போகும் ஊசி உண்டா, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டோம். வயதான நாயை ஆபரேஷனுக்கு அனுப்புகிற எவரும் இந்தக் கேள்விகளை முதலில் கேட்க வேண்டும்.

செய்தது டி.பி.எல்.ஓ. என்ற முறை. கிழிந்த ஜவ்வை அதில் தைப்பதே இல்லை. கீழ்க்கால் எலும்பின் தலையை வளைவாக அறுத்து, சரிவு 5 டிகிரி அளவுக்குக் குறையும்படி திருப்பி, தட்டும் திருகாணியும் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். சரிவு போய்விட்டால் வழுக்கல் இல்லை, ஜவ்வின் வேலையும் இல்லை. பார்க்லே ஸ்லோகம் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1993இல் வெளியிட்ட யோசனை. எலும்பை வெட்டாமல் தடித்த நைலான் இழையை மூட்டுக்கு வெளியே கட்டுகிற பழைய முறையும் உண்டு, செலவும் குறைவு, சின்ன நாய்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. 30 கிலோவுக்கு மேலே அந்த இழை தளர்ந்துபோகும் பயம் இருக்கிறது. சுப்புவின் மெனிஸ்கஸில் சிறு கிழிசல் இருந்ததால் அதையும் கத்தரித்து எடுத்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய அந்த நான்கு வார மாத்திரைக் காலத்தில் எடைக் குறைப்பைத் தொடங்கியிருந்தோம். தயிர்சாதம் நின்றது, அம்மாவின் டீயோடு வரும் மேரி பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த பீன்ஸ் வந்தது. வீடு முழுக்க வழுவழு டைல்ஸ். ஆணியடித்தாற்போல் ஊன்ற வேண்டிய கால் அதில் வழுக்கினால் எல்லாம் வீண், அதனால் ஹாலிலிருந்து வாசல்வரை ரப்பர் பாய் விரித்தோம். பாத விரல்களுக்கு நடுவே வளரும் முடியையும் வெட்டிவிட வேண்டும், அதுவும் வழுக்கும். வெளியே போகும்போது வயிற்றுக்கு அடியில் பெரிய துண்டைக் கொடுத்து இரண்டு நுனியையும் மேலே பிடித்துக்கொள்வோம். முதலில் ஐந்து நிமிட நடை, அதுவும் கயிற்றோடு. எட்டு வாரத்தில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடிவிட்டது என்று உறுதியான பிறகுதான் நடை நீண்டது. அவன் படுக்கையை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டோம். ராத்திரி அவன் முனகினால் அம்மாவின் கை கீழே இறங்கும்.

ஒன்று அவசியம் சொல்ல வேண்டும். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டுமே நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. மெலாக்சிகாம் போன்றவற்றை நாய்க்கென்று அளந்து டாக்டர்தான் கொடுக்க வேண்டும், அதுவும் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு.

இப்போது சுப்பு 32 கிலோ. எழுந்ததும் காலைத் தூக்கிக்கொள்வதில்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் விறைப்பு இருக்கிறது, மூட்டுத் தேய்வு ஏற்கெனவே தொடங்கியிருந்ததால் அது போகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உட்காரும்போது காலை மடக்கி அடியில் வைத்துக்கொள்கிறான். இந்த ஒன்றைப் பார்க்கவே எனக்கு அலுப்பதில்லை.

இடது கால் இன்னும் பாக்கி. ஒரு காலில் ஜவ்வு போன நாய்களில் ஏறத்தாழ பாதிக்கு மறுகாலிலும் போகிறது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்குள். அப்படி நடந்தால் அவனுக்குப் பன்னிரண்டை நெருங்கியிருக்கும். மறுபடி மூன்று மாதம் கேட்கும், மீதி இருப்பது அந்த அளவுக்கு இருக்காது. அப்போது ஆபரேஷன் வேண்டாம், மருந்தும் துண்டும் போதும் என்று என் கணவர் சொல்கிறார், நானும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். "அப்போ அவன் எப்படி இருக்கான்னு பார்த்துட்டுப் பேசலாம்" என்கிறாள் அம்மா. அந்த உண்ணிக் காய்ச்சல் பரிசோதனையை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.